ஊசி போட்டால் குளிக்கக்கூடாது

மலை மேல் போஸ்ட்
12.05.2025

மாப்பிள்ளை ஆசிக்,

இந்த ராணுவ போஸ்டில் செல்போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வைத்திருந்தாலும் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் போனில் மாதம் ஒருமுறை எனக்கு முறை வரும். அதில் பேசினால் பின்னால் வரிசையில் நிற்கிறவன் எல்லாம் காது கொடுப்பான், தமிழ் தெரியாவிட்டாலும் சிரிப்பான். அதனால் ரேஷன் ஏற்றி வந்த கோவேறு கழுதை கீழே இறங்கும்போது இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். எப்போது உன் கைக்கு வருமோ, கழுதைக்குத்தான் வெளிச்சம்.

அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போட வேண்டும். போன லீவில் திருநெல்வேலியில் நெஞ்சு டாக்டரிடம் காட்டினேன். பீடி குடித்துக் கெடுத்த நுரையீரல், இன்னொரு விஷக்காய்ச்சலை இது தாங்காது, வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் ஊசி போட்டுவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. உன் மெடிக்கலில் சொல்லி வைத்தால் மருந்து வரவழைப்பாய், ஜாய் சிஸ்டர் போட்டுவிடுவார். ஊரெல்லாம் அங்கேதானே போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அப்பாவின் அருவிப் பைத்தியம் உனக்குத் தெரியும். ஏட்டையாவாக இருந்தவரைக்கும் மெயின் அருவியில் விசில் ஊதி ஊதி மற்றவர்களைக் குளிக்க வைத்தார், கலைத்தார். ரிட்டயர் ஆன பிறகு பாக்கியை எல்லாம் சேர்த்துக் குளிக்கிறார். மூச்சு இரைக்கிற மனுஷன் விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் போய் நிற்கலாமா? வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது? நான் சொன்னால் "நீ பட்டாளத்துக்காரன், உன் உத்தரவெல்லாம் அங்க வச்சிக்கோ" என்பார். நீ சொன்னால் கேட்பார், மருந்துக்கடைக்காரன் அல்லவா.

அதனால் இப்படிச் சொல். ஊசி போட்டால் சீசன் முடிகிறவரைக்கும் அருவிப் பக்கம் போகக்கூடாது, போனால் ஜன்னி கண்டுவிடும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் சொல்லச் சொன்னதாக மூச்சு விடாதே.

உன்
சங்கிலிப்பாண்டி


தென்காசி
03.06.2025

மாப்பிள்ளை,

கழுதை நல்ல கழுதைதான், உன் கடிதம் கசங்காமல் வந்தது. திருநெல்வேலி ஏஜென்சியில் சொல்லி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் வரவழைத்துவிட்டேன். மருந்து பெட்டியின் மேல் பேனாவால் 'ஏட்டையா' என்று எழுதி, ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இங்கே இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறது. செங்கோட்டை ரோட்டில் வேன் மேல் வேன்.

மாமா நேற்று சீட்டோடு வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நல்லபடியாகப் போட்டு அனுப்பியிருக்கலாம். நீ சொன்னபடி சொன்னேன். ஜாய் சிஸ்டர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஊசி போட்டால் தாராளமாகக் குளிக்கலாம், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் ஊரில்தான் ஊசி என்றாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றமாட்டோம். அந்தப் பழைய பயத்தில் உன் பொய் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

மாமா சுருட்டின கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"லே ஆசிக்கு, இப்பத்தான தண்ணி விழ ஆரம்பிச்சிருக்கு. சீசன் முடியட்டும். ஆவணி பொறந்ததும் வந்து போட்டுக்கிடுதேன். ஊசி எங்கயும் ஓடிராது, அருவி வத்திப் போகும்லா?"

"காய்ச்சலு அதுக்குள்ள வந்துட்டா என்ன செய்வீய மாமா?"

"எனக்கு எங்கிட்டு வரப் போகுது? அருவியில குளிக்கவனுக்குக் காய்ச்சலு வந்து நீ பாத்திருக்கியா?"

எனக்கு மனசே சரியில்லை. இரண்டு மாங்காய்க்குக் குறி வைத்தாய், கல் கிணற்றில் விழுந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லி ஊசியைப் போட்டுவிடட்டுமா? குளித்தால் குளித்துவிட்டுப் போகட்டும். சீக்கிரம் பதில் எழுது.

ஆசிக்


மலை மேல் போஸ்ட்
21.06.2025

அடேய் பயந்தாங்கொள்ளி,

ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, நீ எப்படிக் கடை நடத்துகிறாய்? அப்பா முரண்டு பிடிப்பார் என்று எனக்குத் தெரியாதா? விட்டுப் பிடிக்க வேண்டும். ஒரு மாதம் போனால் தானே வழிக்கு வருவார்.

அம்மாவை ஏவிவிடு. வீட்டுக்குப் போய், "அத்தை, டாக்டர் இப்படிச் சொல்லியிருக்கார், மாமா ஊசியும் போடாம அருவிக்கும் போறாரு" என்று போட்டுக் கொடு. அதற்கப்புறம் அவர் துண்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டட்டும் பார்ப்போம். மேலகரமே கேட்கிற மாதிரி வைவாள். ஆவுடைத்தாயின் வாய்க்கு எஸ்.பி.யே சல்யூட் அடிப்பார்.

உண்மையை மட்டும் சொல்லித் தொலைக்காதே. சொன்னால் பிறகு நான் எது சொன்னாலும் அவர் நம்பமாட்டார். நம் சிநேகிதத்தின் மேல் ஆணை.

இங்கே ராத்திரி குளிரில் தண்ணீர் பாட்டில் கல்லாகிவிடுகிறது. நான் குளித்துப் பல நாளாகிறது. அவர் அருவியில் நிற்கிறதை நினைத்தால் கோபமும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

சங்கிலி


தென்காசி
09.07.2025

சங்கிலி,

நீ சொன்னபடி அத்தையிடம் சொன்னேன். நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. அத்தை அவருடைய துண்டை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திரும்பி வந்தால் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மாமா என்ன செய்கிறார் தெரியுமா? விடியும் முன்னால் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். முதல் பஸ்ஸைப் பிடித்து அருவிக்குப் போகிறார். டூட்டி போலீஸ் பையன்கள் எல்லாம் அவருக்குக் கீழே இருந்தவர்கள், கூட்டம் வருமுன் விட்டுவிடுகிறார்கள். குளித்துவிட்டு நேரே என் கடைக்கு வருகிறார். ஒரு புதுத் துண்டு வாங்கி என் கடைக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறார், போகும்போது எடுத்துக்கொள்வார். ஈரத் துண்டைக் கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் மேல் காயப்போட்டுவிட்டு, தலை காயும்வரை உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, அதே பேப்பரோடு வீட்டுக்குப் போகிறார். ஊரில் எத்தனை திருடனைப் பிடித்த மனுஷன்!

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் பரவிக்கிடக்கிறது. வேனில் வருகிறவர்கள் இருமிக்கொண்டே வருகிறார்கள், அருவியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இருமிக்கொண்டே ஊருக்குப் போகிறார்கள். கடையில் காய்ச்சல் மாத்திரை ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாகப் போகிறது. தெருவுக்கு நாலு வீட்டில் படுக்கை. தண்ணீரால் காய்ச்சல் வராது மாப்பிள்ளை, பக்கத்தில் நிற்கிறவனுடைய மூச்சில் வரும். அந்த ஊசி மட்டும் ஜூன் மாதமே ஏறியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அது இன்னும் ஃபிரிட்ஜில் கிடக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் இன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நேற்று கேட்டார், "லே, அரை சீசன் போதும்னு அந்த டாக்டர்ட்ட கேட்டுப் பாரேன். ஆடி முழுக்கக் குளிக்காம இருக்கேன், இப்பம் ரெண்டு வாரம் விட்டுரச் சொல்லு." குழந்தை மிட்டாய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி. நான் கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

உன் ஆணையாவது, சிநேகிதமாவது. உன் பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலையில் துண்டோடு வருவார். உண்மையைச் சொல்லிக் கையோடு ஊசியைப் போட்டுவிடுவேன். நீ லீவில் வந்து என்னை அடித்தாலும் சரி.

ஆசிக்


மலை மேல் போஸ்ட்
26.07.2025

ஆசிக்,

அப்பா போய்விட்டார் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். மலை சரிந்து ரோடு இல்லை, மேகத்தில் ஹெலிகாப்டர் ஏறவில்லை. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஹெலிபேடில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சித்தப்பா மகன் நம்பிராஜன் கொள்ளி வைத்தான். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது.

நேற்று போனில் அம்மாவிடம் பேசினேன். "ஊசியும் போடல, அருவிக்கும் போனாரு, சொல்லச் சொல்லக் கேக்கலயே" என்று அழுகிறாள். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

ஊசி போடவில்லையா? மே மாதம் நான் எழுதினேன். சீட்டு இருந்தது, மருந்து இருந்தது, மனுஷன் உன் கடைக்கே வந்தார். போடவில்லையா? அப்படி என்ன வியாபாரம் உனக்கு? எவனெவனுக்கோ போட்டிருப்பாய். என் அப்பன் கையில் ஒரு ஊசி ஏற்ற உனக்கு நேரமில்லை. மலையில் கிடக்கிறவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று நினைத்துவிட்டாய்.

உன்னை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன். இனி உன் கடைப் படியை மிதிக்கமாட்டேன். பதில் எழுத வேண்டாம்.

மு. சங்கிலிப்பாண்டி


தென்காசி
11.08.2025

சங்கிலி,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியாது, காரணம் கடைசியில் இருக்கிறது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு படி. ஜூலையில் நான் எழுதியது உனக்கு வந்து சேரவில்லை என்று தெரிகிறது. வந்தால் அதையும் படி. உன் மே மாதக் கடிதமும் ஜூன் மாதக் கடிதமும் என்னிடம் இருக்கின்றன. யாரிடமும் காட்டவில்லை. நீ என்ன எழுதினாய் என்பதை மறந்துவிட்டுத்தான் என்னை வைதிருக்கிறாய் என்று நம்புகிறேன். மறக்காமல் வைதிருந்தால் உனக்கும் எனக்கும் இனிப் பேச்சில்லை.

உண்மையைச் சொல்கிறேன் என்று எழுதினேன் அல்லவா, மறுநாள் மாமா கடைக்கு வரவில்லை. முந்தின நாள் காயப்போட்ட துண்டு ஜெனரேட்டர் மேலேயே கிடந்தது. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, ஜாய் சிஸ்டரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். உடம்பு கொதித்தது. அத்தை அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டு வைதுகொண்டிருந்தார்கள்.

நான் குனிந்து காதில் சொன்னேன். "மாமா, ஊசி போட்டாலும் அருவியில குளிக்கலாம். டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னது."

"யாரு சொல்லச் சொன்னா?"

"நான்தான் மாமா."

என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

"அப்பம் போடுலே. இப்பவே போடு. நாளைக்குக் குளிக்கணும்."

ஜாய் சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவு காய்ச்சலில் போடக்கூடாது. போட்டாலும் பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது? நீட்டின கையை நான்தான் மடக்கி உள்ளே வைத்தேன். அந்தக் கையின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஃப்ளூதான் என்று டெஸ்டில் வந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், பிறகு குழாய் வைத்தார்கள். குழாய் வைக்கும் முன் அத்தையை உள்ளே விட்டார்கள். "சொன்ன பேச்சு கேக்காத மனுஷனுக்கு இப்படித்தான் வரும்" என்று சொல்லி நெற்றியைத் துடைத்துவிட்டார்கள். பிறகு அவர் பேசவே இல்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். அத்தைக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். துக்கத்தில் சாப்பாடு கிடையாது, மாத்திரை கிடையாது, உடம்பு நூலாகிவிட்டது. ஊரில் காய்ச்சல் இன்னும் அடங்கவில்லை, ஐப்பசி மழையில் இன்னொரு சுற்று வரும். இவர்களுக்கு உடனே ஊசி போடு என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பினார்கள். போய்ச் சொன்னேன்.

"முப்பதாம் நாளுக்குத் தலைமுழுகணும். புரட்டாசி அமாவாசைக்குத் தலைமுழுகணும். எம் மகன் வந்து அப்பனுக்குச் செய்யும்போ தலைமுழுகணும். ஊசி போட்டா எப்படிலே தண்ணி ஊத்த? வருசம் திரும்பட்டும்."

"தலைமுழுகலாம் அத்தை, ஒண்ணும் செய்யாது."

"அன்னைக்கு ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத. ஊசி விக்கணும்னா எதுவும் சொல்லுவியோ? எம் புருசன் அந்தப் பேச்ச மீறித்தான போயிட்டாரு."

என் வாக்குக்கு இனி அந்த வீட்டில் மதிப்பில்லை. நீ சொன்னால்தான் நம்புவார்கள். போனில் சொல்லு, இல்லை உன் கையால் எழுது. ஒரு பொய்க்கு ஒருவர் போதும் சங்கிலி.

ஆசிக்


மலை மேல் போஸ்ட்
30.08.2025

ஆசிக்,

உன் ஜூலைக் கடிதமும் ஆகஸ்ட் கடிதமும் ஒரே மூட்டையில் வந்தன. முதலில் பழையதைப் படித்தேன். ஜெனரேட்டர் மேல் துண்டு என்று படித்ததும் மடக்கி வைத்துவிட்டேன். இரண்டாவதைப் பிரிக்க மறுநாள் ஆனது.

நேற்று போன் முறை வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். "ஐயா, சாப்டியா" என்று அம்மா கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். வைத்துவிட்டேன்.

நீ ஒன்று செய். இது புது ஊசி, போன மாதம்தான் வந்தது, இதைப் போட்டால் குளிக்கலாம், பழைய ஊசிக்குத்தான் குளிக்கக்கூடாது என்று சொல்லு. நம்பிவிடுவாள். அவளுக்கும் ஊசி ஏறிவிடும், எனக்கும்

காலையில் எழுந்து மேலே எழுதியதைப் படித்தேன். கிழித்துப் போட வந்தேன். கிழிக்கவில்லை. அப்பா செத்த பிறகும் நான் எப்படிப்பட்டவன் என்று நீ பார்த்துக்கொள்.

நீ போட்டிருக்க வேண்டிய பழியை என் மேல் போடாமல் "நான்தான் மாமா" என்று சொன்னாய். உன்னை வைதேன். கடைப் படி என்று வேறு எழுதினேன். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, விட்டுவிடு.

இதற்குக் கீழே இருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. கண்ணில் புரை, அவளால் படிக்க முடியாது. நடுவில் நிறுத்தாதே.

அம்மா, ஊசி போட்டால் அருவிக்குப் போகக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அப்பா வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயந்து நான்தான் ஆசிக்கிடம் சொல்லச் சொன்னேன். அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. உன்னிடம் போட்டுக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். அருவியில் குளிக்க வேண்டும் என்றுதான் அப்பா ஊசி போடவில்லை. இரண்டையும் செய்திருக்கலாம் அம்மா. அப்பா யார் பேச்சையும் மீறவில்லை. நீ ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே தலைமுழுகலாம். அடுத்த மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள். நீ வரச் சொன்னால் வருகிறேன்.

சங்கிலி


தென்காசி
19.09.2025

சங்கிலி,

வாசித்துக் காட்டினேன். ஜாய் சிஸ்டர் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றார். நடுவில் நிறுத்தவில்லை.

அத்தை அழவில்லை. "இன்னொருக்கா வாசி" என்றார்கள். வாசித்தேன். எழுந்து உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார்கள். பூட்டி வைத்திருந்த துண்டுகளை எல்லாம் எடுத்துக் கட்டில் மேல் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடித்தார்கள். நானும் சிஸ்டரும் முற்றத்தில் நின்றோம்.

பிறகு வெளியே வந்து கையை நீட்டினார்கள். மருந்துப் பெட்டியை நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன். அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. புரை விழுந்த கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், "இது என்னலே எழுதியிருக்கு?" என்றார்கள்.

"ஏட்டையான்னு எழுதியிருக்கு அத்தை. மாமாவுக்கு வாங்கினது. இன்னும் தேதி இருக்கு, கெட்டுப் போகல. வேண்டாம்னா வேற வரவழைக்கேன்."

"வேண்டாம். இதையே போடு."

ஊசி போட்டாகிவிட்டது மாப்பிள்ளை. நீ கேட்டது அது ஒன்றுதான், அது நடந்துவிட்டது. போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அவர்கள் பேசினதை அப்படியே எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

"நாலு பேரு பாக்க ராசா மாதிரி குளிச்ச மனுஷன். கடைசிச் சீசன்ல கள்ளன் மாதிரி குளிச்சுட்டுப் போயிட்டாரு. அவர் போற நேரத்துல நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும்லா? ஒரு பொய்ய நம்பி வைதிருக்கேன்லே. அவரு காதுல கடைசியா விழுந்தது அதுதான். அத நான் எங்க போய்க் கழுவ?"

அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் வந்து சொல்லு.

கடையில் கிடந்த துண்டைக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார்கள். உன் மகன் வரட்டுமா என்று கேட்கிறானே, என்ன எழுத என்று கேட்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு எழுதிராத. அது இன்னும் வரல. வந்தா நானே சொல்லுவேன். வரச் சொல்லு. வீட்டுக்கு நேரே வரக்கூடாது. அப்பன் செத்ததுக்கு அவன் இன்னும் தலைமுழுகல. அருவிக்குப் போயி, அவரு நிக்க இடத்துல நின்னு முழுகிட்டு வரட்டும். ஈரத் துண்ட எங்கயும் ஒளிச்சுக் காயப்போட வேண்டாம். இந்த வீட்டுக் கொடியிலயே போடச் சொல்லு."

லீவு தேதி எழுது. தென்காசி ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அருவிக்கு நானும் கூட வருகிறேன். துண்டு நீ கொண்டுவர வேண்டாம், அத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆசிக்